நிறம் பொருந்தவில்லை

தெருவில் எல்லோருக்கும் அவள் பொத்தானக்கா. பத்தொன்பது வருஷம் ஒரு சட்டைத் தொழிற்சாலையின் ஸ்டோர் ரூமில் வேலை பார்த்தவள். எந்தச் சட்டைக்கு எந்தப் பொத்தான் என்று பார்த்து எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் தையல் மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் விலைக்குக் கேட்டார்கள். அவள் மட்டும் மிச்சமிருந்த பொத்தான்களைக் கேட்டாள். பதினாறு சாக்கு. இடத்தைக் காலி செய்தால் போதும் என்றிருந்த மேனேஜர், கும்பிடாத குறையாக எடுத்துக் கொடுத்துவிட்டார்.

சாக்குகள் வந்து இறங்கிய அன்று, பஸ் ஓட்டுநரான அவள் கணவர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

"இவ்வளவு பொத்தானுக்கும் சட்டை போடணும்னா நமக்கு எத்தனை ஜென்மம் வேணும்?" என்று கேட்டார்.

"நாம போட வேண்டாம். ஊருல இருக்கிறவங்க போடுவாங்க" என்றாள்.

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. கடைகளில் பொத்தானை டஜன் கணக்கில்தான் விற்கிறார்கள். ஆனால் சட்டையிலிருந்து தெறித்துப் போவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காக டஜன் வாங்கி, அதுவும் ஒத்துப்போகாமல், கடைசியில் நல்ல சட்டையை மேசை துடைக்கப் போடுகிறவர்கள் எத்தனை பேர்! ஒற்றைப் பொத்தானை விற்றால் என்ன? சட்டையைப் படம் எடுத்து அனுப்பட்டும். அதே பொத்தானைத் தேடி எடுத்து, சின்ன உறையில் போட்டு அனுப்பிவிடலாம்.

ஒரு பெரிய இணையச் சந்தையில் கடை திறந்தாள். பின்னறையில் சுவர் முழுக்கப் பலகை அடித்து, ஜாம் பாட்டில்களிலும் மாத்திரை டப்பாக்களிலும் பொத்தான்களைப் பிரித்து வைத்தாள். ஜன்னலோரம் ஒரு மேசை, மேசைமேல் வெள்ளைத் துணி. காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை அந்த ஜன்னலில் விழும் வெளிச்சத்தில்தான் நிறம் பார்ப்பாள். விளக்கு வெளிச்சம் பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. சந்தையின் இணையப் பக்கத்தில் வெள்ளை என்று ஒரே ஒரு நிறம்தான் இருந்தது. அவளிடம் முப்பத்து நான்கு வெள்ளை இருந்தன. சுண்ணாம்பு வெள்ளை, பல் வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை, சோப்பு நுரை வெள்ளை, நாலு தடவை துவைத்த வெள்ளை என்று ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு ஒட்டியிருந்தாள்.

கடை நன்றாகவே ஓடியது. ஆனால் ஆறாவது மாதத்திலிருந்து ஒரு வியாதி பிடித்தது. பத்து பொத்தான் போனால் ஒன்றிரண்டு திரும்பி வந்தன. ஒவ்வொன்றுடனும் ஒரே காரணம்: 'நிறம் பொருந்தவில்லை.'

அளவு தப்பு என்றிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். தாமதம் என்றால் தபாலைத் திட்டியிருப்பாள். நிறம் என்றது நெஞ்சில் தைத்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் எடுத்துக் கொடுத்த பொத்தானை யாரும் நிறம் சொல்லித் திருப்பியதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். ஒரு பொத்தானை மூன்று தடவை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். அப்படியும் திரும்பி வந்தது. கடைசியில் கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவள் நம்பவில்லை. தொல்லை தாங்காமல் அவர் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் முப்பத்து நான்கு வெள்ளையும் முப்பத்தாறாகத் தெரிந்தது.

நட்சத்திர மதிப்பு நாலரையிலிருந்து வழுக்கி மூன்று புள்ளி ஒன்றுக்கு வந்து நின்றது. மூன்றுக்குக் கீழே போனால் கடையை மூடிவிடுவார்கள் என்று எச்சரிக்கையும் வந்தது.

இங்கேதான் நாத்தனார் உள்ளே வந்தார். கணவரின் அக்கா. மாடி வீட்டில் தனியாக இருப்பவர். ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசிப் பலகையில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். எந்த நெருப்பையும் அணைக்கிற குரல். போனில் காத்திருப்பது என்றால் மற்றவர்களுக்கு நரகம், அவருக்குப் பொழுதுபோக்கு.

"நம்பரைக் குடு, நான் பேசுறேன்" என்றார்.

சந்தையின் உதவி எண்ணுக்குப் பதினேழு தடவை கூப்பிட்டார். முதல் பத்து தடவை பதிவு செய்த குரல்தான் பேசியது. அடுத்த ஆறு தடவை மனிதர்கள் பேசினார்கள், ஆனால் பதிவு செய்த குரலைப் போலவே. பதினேழாவது தடவை யாரோ ஒரு பெண், "அம்மா, உங்க குரலைக் கேட்டா எங்க பெரியம்மா ஞாபகம் வருது" என்றாள். அப்புறம் காரியம் நடந்தது. அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. விற்பனையாளர்களின் அனுபவத்தை மேம்படுத்தும் பிரிவிலிருந்து ஓர் அலுவலர் நேரில் வந்து மூன்று நாள் கவனிப்பார் என்று.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தோளில் கணினிப் பை, கையில் குறிப்பேடு, முகத்தில் பரீட்சை எழுத வந்தவனின் கலக்கம். விற்பனையாளர்கள் பொருளைப் பதிவு செய்கிற பக்கத்தை எட்டு வருஷமாக வடிவமைப்பவர் அவர்தானாம்.

"நான் எதுவும் பேச மாட்டேன், மேடம். ஓரமா உக்காந்து பார்ப்பேன், அவ்வளவுதான். நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கிட்டு நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார்.

நாத்தனாருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "இல்லாத ஆளுக்குக் காபி போடணுமா, வேண்டாமா?"

அவர் முழித்தார். "இருந்தா... கொஞ்சம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்கு 'இல்லாதவர்' என்று பேராகிவிட்டது.

முதல் நாள் பொத்தானக்கா ஒரு புதுப் பொத்தானைப் பதிவு செய்ய உட்கார்ந்தாள். நாலு துளை, முட்டை ஓட்டு வெள்ளை. படிவத்தில் நாற்பத்தாறு கட்டங்கள். பக்கத்தில் ஒரு பழைய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சமையல் குறிப்பைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துப் பார்த்து நிரப்பினாள்.

"காலாவதி தேதி கேக்குது. பொத்தான் எப்ப கெட்டுப் போகும்னு யாருக்குத் தெரியும்? இந்த நூற்றாண்டோட கடைசி நாளைப் போட்டுடுவேன்" என்றாள். "அடுத்தது, பேட்டரி கூட வருமா. வராது. எத்தனை வாட்? இந்த இருபத்தேழாவது கட்டம் இருக்கு பாருங்க, இதுல பூஜ்யம் போட்டா அழும். ஒண்ணு போட்டா சிரிக்கும்."

"அழும்னா?"

"சிவப்பா எழுத்து வரும்ல, அது அழுகை. பச்சை வந்தா சிரிப்பு."

இல்லாதவர் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்தினார். அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். எந்தக் கட்டத்தில் என்ன பொய் சொன்னால் படிவம் ஒப்புக்கொள்ளும் என்று எழுபது பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தாள். தேதி போட்டு, அடிக்கோடிட்டு. அவர் காது சிவந்துவிட்டது.

"இருபத்தேழாவது கட்டத்தை நான்தான் போட்டேன்" என்றார் மெல்ல. "மின்விசிறி விக்கிறவங்களுக்காக. எல்லாருக்கும் வரும்னு யோசிக்கலை."

"பரவாயில்லைங்க சார். என் பொத்தான் ஒரு வாட்டுல நல்லாத்தான் ஓடுது."

அடுத்தது படம். பொத்தானின் அளவு புரியட்டும் என்று அதை இரண்டு விரலால் பிடித்துப் படம் எடுத்திருந்தாள். படிவம் சிவப்பாக அழுதது: 'படத்தில் மனித உடல் உறுப்பு உள்ளது.'

நாத்தனார் எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, விரலைப் பார்த்து யாரு மயங்கி விழப்போறாங்க?"

பேச மாட்டேன் என்று வந்தவர் அன்று மத்தியானத்துக்குள் பேசித் தீர்த்துவிட்டார். அது ஏன், இது ஏன் என்று அவள் கேட்கக் கேட்க, இந்தத் துறை சொன்னது, அந்தத் துறை சொன்னது என்று விளக்கிக்கொண்டே இருந்தார். பொத்தானக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க இதுல எதையாவது வித்திருக்கீங்களா?"

"நானா? இல்லை. நான் வடிவமைப்புதான்."

"ஒண்ணே ஒண்ணு வித்துப் பாருங்களேன். வீட்டுல வேண்டாத பொருள் எதுவும் இல்லையா?"

அவர் யோசித்தார். உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் உடம்பைக் குறைக்க வாங்கியது. இப்போது ஈரத் துணி காயப்போட உதவுகிறது.

மறுநாள் காலை அவர் தன் கணினியுடன் பொத்தானக்காவின் மேசையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். இந்த முறை அவள் கவனித்தாள், அவர் விற்றார். முதல் படத்தை ஏற்றியதும் படிவம் சொன்னது: 'இப்பொருளை ஆடைகள் பிரிவில் பதிவு செய்யவும்.' சைக்கிளின் கைப்பிடியில் மனைவியின் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, துண்டை எடுக்கச் சொல்லி வேறு படம் வாங்கினார். பேட்டரி கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றார், ஏனென்றால் சைக்கிளின் சின்னத் திரைக்குள் உண்மையிலேயே பேட்டரி இருந்தது. ஆமாம் என்று போட்டார். உடனே பதினொரு புதுக் கட்டங்கள் திறந்தன. அபாயகரமான சரக்கை அனுப்புவது பற்றியவை.

"ஐயோ, ஆமாம்னு மட்டும் போடக் கூடாதுங்க" என்றாள் பொத்தானக்கா பதறி. "நோட்டுல பன்னிரண்டாம் பக்கம் பாருங்க."

இரண்டு மணி நேரம் கழித்து அவர் தன் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குத் தானே கூப்பிட்டார். இசை கேட்டது. பத்து நிமிஷம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து நாத்தனார் போனை வாங்கி மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். "காதுல வச்சுக்கிட்டு காத்திருக்கக் கூடாது, தம்பி. கழுத்து பிடிச்சுக்கும். பக்கத்துல ஒரு வேலையை வச்சுக்கணும். இந்தா, இந்த உறையில எல்லாம் முகவரி ஒட்டு."

சாயங்காலத்துக்குள் சைக்கிள் பதிவாகிவிட்டது. இல்லாதவர் நாற்பத்து மூன்று உறைகளையும் ஒட்டி முடித்திருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்பு கொள்ளவில்லை. மூன்றாம் நாள் முழுக்க இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் போனைப் பார்த்தார். பதினொரு பேர் பார்த்திருக்கிறார்கள், பதினாலு பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் கேள்வி வந்தது.

"இது மேட்டுல ஏறுமான்னு கேக்கிறாங்க" என்றார்.

"என்ன பதில் போட்டீங்க?"

"இது நின்ன இடத்துலயே நிக்கும்னு போட்டேன்."

"அப்புறம்?"

"அப்ப வேண்டாம்னுட்டாங்க."

பொத்தானக்கா சிரித்தாள். பிறகு, வாங்குகிறவர் கேட்பது பொருளைப் பற்றி இல்லை, தன் வீட்டில் அது என்ன ஆகும் என்பதைப் பற்றி என்று விளக்கினாள். அவர் விளக்கத்தை மாற்றி எழுதினார். மழையோ வெயிலோ, அறையை விட்டு நகராமல் ஓட்டலாம் என்று. அன்று சாயங்காலமே சைக்கிள் விற்றுப்போய்விட்டது. இல்லாதவர் நாற்காலியை விட்டு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், நாத்தனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் சம்பளம் வாங்கியவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

மூன்று நாள் முடிந்து அவர் போய்விட்டார். கடிதம் ஏதாவது வரும் என்று பொத்தானக்கா காத்திருந்தாள். அதற்குள் இன்னும் இரண்டு பொத்தான்கள் திரும்பி வந்தன. நிறம் பொருந்தவில்லை, நிறம் பொருந்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, "அண்ணி, எனக்கு இந்தத் தொழில் வேண்டாம்னு நினைக்கிறேன்" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. "கண்ணு சரியில்லாதவ பொத்தான் விக்கக் கூடாது."

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு உறைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் யாரோ படியில் தடதடவென்று ஏறி வரும் சத்தம் கேட்டது. இல்லாதவர்தான். மூச்சு வாங்கியது.

"திருப்பி அனுப்பிட்டாங்க!" என்றார்.

"எதை?"

"சைக்கிளை! காரணம் என்ன தெரியுமா? நிறம் பொருந்தவில்லை!"

பொத்தானக்கா வாயில் கை வைத்தாள். "உங்களுக்குமா?"

"அது கறுப்பு சைக்கிள், மேடம். படத்துலயும் கறுப்பு. நேர்லயும் கறுப்பு. எனக்குப் பொறுக்கலை. நானே வண்டி எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். வாங்கினவரு தங்கமான மனுஷன். கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்கிறாரு. அறைக் கதவு குறுகலாம், சைக்கிள் உள்ளே போகலையாம். அவ்வளவுதான் விஷயம். அப்ப ஏன் சார் நிறம்னு போட்டீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'அதுதான் முதல்ல இருந்துச்சு'ன்னாரு."

இல்லாதவர் நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். திருப்பி அனுப்புகிறவர்களுக்கு ஐந்து காரணங்கள் உள்ள பட்டியல் ஒன்று வரும். கதவு குறுகல் என்பது அதில் இல்லை. ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும் முடியாது. அவசரத்தில் இருக்கிறவர்கள் முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பட்டியலையும் அவர்தான் எழுதினார். சோதனை பார்க்க ஏதாவது வேண்டுமே என்று முதலில் வாயில் வந்ததை எழுதினார். அது அப்படியே எட்டு வருஷமாக நின்றுவிட்டது.

பொத்தானக்கா எழுந்து போய் மேசை இழுப்பறையைத் திறந்தாள். திரும்பி வந்த உறைகளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தாள், வாங்கினவர் பெயரும் போன் எண்ணும் எழுதி. எத்தனை துளை, பின்னால் தைக்கக் காம்பு வைத்ததா வைக்காததா என்று கேட்க ஆரம்பத்திலேயே அவர்கள் எல்லோரிடமும் பேசியிருக்கிறாள்.

"அண்ணி" என்று பெட்டியை நீட்டினாள்.

நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். முப்பது வருஷத்துக் குரல் வெளியே வந்தது.

"வணக்கம்மா. பொத்தான் கடையிலிருந்து பேசுறேன். குறை சொல்லக் கூப்பிடலை, பணமும் கேக்க மாட்டேன். நீங்க பொத்தானைத் திருப்பி அனுப்பினீங்க இல்லையா, அதோட நிறம் எப்படித் தப்பாயிருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கலாமா? எங்க வீட்டுப் பொண்ணு ரொம்ப வருத்தப்படுது."

"நிறமா?" ஸ்பீக்கரில் ஒரு பெண் குழம்பினாள். "நிறம் அச்சு அசலா இருந்துச்சேம்மா! தொலைஞ்சு போன பொத்தான் வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி கிடைச்சிருச்சு. ரெண்டு எதுக்குன்னு அனுப்பிட்டேன்."

இரண்டாவது ஆள், பொத்தான் வருவதற்குள் கணவர் அந்தச் சட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டார் என்றார். மூன்றாவது ஆள் தெரியாமல் இரண்டு தடவை திரையில் பொத்தானை அழுத்தி இரண்டு வாங்கிவிட்டாராம். நாலாவது ஓர் இளைஞன்.

"நிறம் சூப்பர் ஆன்ட்டி. காஜாவுல நுழையலை. கொஞ்சம் தடிமன்."

பொத்தானக்கா நிமிர்ந்தாள். காஜா என்றால் சட்டையில் பொத்தான் நுழையும் துளை. அதில் நுழையவில்லை என்றால் அது நிஜமான குறை. அவள் நிறத்தையும் அளவையும் துளையையும் கேட்பாள், தடிமனைக் கேட்டதேயில்லை. நோட்டில் குறித்துக்கொண்டாள். பதினொரு பேரிடம் நாத்தனார் பேசி முடித்தார். மூன்று பேருக்குத் தடிமன் பிரச்சினை. மற்றவர்களுக்கு வெவ்வேறு கதை. ஒருவர்கூட நிறத்தைக் குறை சொல்லவில்லை. பதினோராவது பெண்மணி, "இவ்வளவு பொருத்தமா எப்படிக் கண்டுபிடிச்சீங்க? என் தங்கச்சிக்கும் ஒண்ணு வேணும்" என்று அங்கேயே வாய்வழியாக ஆர்டர் கொடுத்தார்.

போனை வைத்ததும் பொத்தானக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு கண்ணாடியை எடுத்து இல்லாதவரிடம் நீட்டி, "இதையும் உங்க சைட்டுல வித்துக் குடுங்க" என்றாள்.

அவர் சும்மா இருக்கவில்லை. பத்து நாளில் பொத்தானக்காவுக்கு அவருடைய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நாத்தனாரும் கூடப் போனார். எட்டாவது மாடி. கண்ணாடிச் சுவர், நீள மேசை, அதைச் சுற்றி ஒன்பது பேர். மேசையின் தலைப்பக்கத்தில் பெரிய மேடம். இல்லாதவர் திரையில் படங்களைக் காட்டிப் பேசினார். எண்கள், கோடுகள், வட்டங்கள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், பாதிப்பேர் மேசைக்கடியில் போனைப் பார்த்தார்கள்.

"விற்பனையாளர் ஏதாவது சொல்ல விரும்புறாங்களா?" என்று பெரிய மேடம் கேட்டார்.

பொத்தானக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேச வராததால் கைப்பையிலிருந்த டப்பாவைத் திறந்து மேசையில் கொட்டினாள். முப்பத்து நான்கு வெள்ளைப் பொத்தான்கள் உருண்டோடின.

"இதுல உங்க சட்டைப் பொத்தான் எதுன்னு எடுங்க பார்ப்போம்" என்றாள்.

ஒன்பது பேரும் குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்தார்கள். போனைப் பார்த்தவர்கள்கூட. கொஞ்ச நேரத்தில் மேசையைச் சுற்றி ஒரே களேபரம். இது என்னுடையது, இல்லை இது கொஞ்சம் மஞ்சள், அதை இங்கே தள்ளுங்க, ஜன்னல்கிட்ட வாங்க. கணக்குப் பிரிவின் கடுகடுப்பான மனிதர் ஒருவர் தன் சட்டையின் மூன்றாவது பொத்தான் மற்றவற்றைவிட வேறு வெள்ளை என்று அன்றுதான் கண்டுபிடித்தார்.

"இது எப்ப மாறிச்சு?" என்று கவலையோடு கேட்டார்.

"வீட்டுல கேளுங்க" என்றார் நாத்தனார்.

அவர்கள் சிரித்து முடித்த பிறகு பொத்தானக்காவுக்குப் பேச்சு தானாக வந்தது. "எனக்கு நீங்க பெருசா எதுவும் செய்ய வேண்டாம். பொத்தான் விக்கிறவகிட்ட பொத்தானைப் பத்திக் கேளுங்க. திருப்பி அனுப்புறவங்க சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்க. அவங்க நிஜக் காரணத்தைச் சொன்னா நான் திருத்திக்குவேன். தடிமன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா, ஆறு மாசம் முன்னாடியே சரி பண்ணியிருப்பேன். நான் அதை விட்டுட்டு, நல்லா இருந்த கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."

பெரிய மேடம் எதையோ எழுதிக்கொண்டார். போகும்போது தன் கோட்டில் விட்டுப்போன ஒரு பொத்தானைப் பற்றித் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

மாற்றங்கள் ஒரேயடியாக வந்துவிடவில்லை. முதலில் விரல் அனுமதிக்கப்பட்டது. பிறகு காலாவதி தேதியும் வாட்டும் பொத்தான் பதிவுப் பக்கத்திலிருந்து காணாமல் போயின. இரண்டு மாதம் கழித்து, திருப்பி அனுப்பும் பட்டியலின் உச்சியில் ஒரு வெற்றுக் கட்டம் வந்தது: 'என்ன நடந்தது? உங்கள் சொற்களில் எழுதுங்கள்.' கீழே உள்ள காரணங்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வரிசையில் வந்தன. பேட்டரி கட்டம் மட்டும் போகவில்லை. அது வேறு துறையாம். இல்லாதவர் மன்றாடிப் பார்த்தும் அந்தத் துறை அசைந்துகொடுக்கவில்லை.

பொத்தானக்காவும் தன் பங்குக்கு மாறினாள். பழைய பொத்தானை ஒரு தீக்குச்சிக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். தடிமன் தெரிந்துவிடும். தடிமனால் திரும்பி வருவது அடியோடு நின்றது. மற்றபடி திரும்பி வந்தவை அவளுக்கு இப்போது கதைப் புத்தகம்போல. 'சட்டை சின்னதாகிவிட்டது, நான் பெரிதாகிவிட்டேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'பொத்தான் அழகாக இருக்கிறது, சட்டைதான் அசிங்கமாகத் தெரிகிறது' என்று ஒரு பெண். அதை அவள் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். கணவர் டெப்போவிலிருந்து வந்ததும் வராததுமாக, "இன்னைக்கு யாரு என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நட்சத்திரம் மெதுவாக ஏறி நாலு புள்ளி ஆறில் உட்கார்ந்தது.

நாத்தனாருக்கு உதவி எண் பிரிவில் வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். ஆனால் வாரம் ஒருநாள் போய், போன் எடுப்பவர்களுக்கு எப்படிப் பேசுவது என்று காட்டிவிட்டு வருகிறார். பெரியம்மா ஞாபகம் வந்த அந்தப் பெண்தான் அவருக்கு வாசலில் காத்திருந்து அழைத்துப்போகிறாள்.

ஆபீசில் இன்னொரு உத்தரவும் போட்டார்கள். படிவத்தில் கை வைக்கிற எவரும் முதலில் அதே படிவத்தில் ஒரு பொருளையாவது விற்றிருக்க வேண்டும் என்று. இதை யார் சொன்னது என்று இல்லாதவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அதன் பலன் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் வந்து நின்றது. இல்லாதவரோடு மூன்று புது ஆட்கள். ஒருவர் கையில் கிதார். இன்னொருவரிடம் குழந்தைத் தொட்டில். மூன்றாவது ஓர் இளம்பெண், தோளில் மடித்துவைத்த கூடாரம். மலையேறப் போகலாம் என்று வாங்கி, ஒருநாளும் போகாதவளாம்.

"எங்க ஆபீஸ்ல உக்காந்து வித்தா சரியா வரலை" என்றாள் அவள் கூச்சத்துடன். "இங்க வந்தா வரும்னு சார் சொன்னாரு."

"படம் எடுத்தாச்சா?" என்று கேட்டாள் பொத்தானக்கா.

"பையில இருக்கிற மாதிரி எடுத்தேன்."

"பையைப் பார்த்து யாரும்மா கூடாரம் வாங்குவாங்க? விரிச்சுக் காட்டணும். மொட்டை மாடிக்கு வா."

எல்லோரும் மேலே போனார்கள். கூடாரத்தில் எந்தக் கம்பி எந்த ஓட்டையில் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கிதார்க்காரர் கம்பியை வளைத்தார். தொட்டில்காரர் விளக்கக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார். காற்று வேறு நன்றாக அடித்தது. ஒருவழியாக அது எழுந்து நின்றதும் பறக்கப் பார்த்தது. நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். நாத்தனார் ஒரு மூலை, பொத்தானக்கா ஒரு மூலை. அப்போதுதான் முதல் ஷிப்டு முடித்து வந்த கணவர், மாடிக்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எதையும் விசாரிக்காமல் காலணியைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே நுழைந்து உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கே. எத்தனை பேர் படுக்கலாம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அதைத்தான் முதல் வரியா எழுதணும், எழுதிக்கோ" என்றாள் பொத்தானக்கா அந்தப் பெண்ணிடம், மூலையை விடாமல்.

இல்லாதவர் எட்டி நின்று போனைத் தூக்கிப் பிடித்தார். "யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார். காற்று கேட்கவில்லை. எல்லோரும் சிரித்த சிரிப்பில் கூடாரமும் சேர்ந்து குலுங்கியது.